தடிப்பு மறைந்த பின்னும் கைகால் குறுகுறுப்பதேன்?

"உடம்பெல்லாம் தடிச்சுக் கடிச்சது. குளிசை போட்டதும் தடிப்பு வத்திட்டுது. ஆனா உள்ளங்கையும் உள்ளங்காலும் இன்னும் குறுகுறுக்குது." அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில் பக்கத்து வயல்களில் கூலிக்கும் குத்தகைக்கும் பாடுபடும் குடும்பங்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. சிலர் இதைப் பித்தம் என்று விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் குட்ட நோயாக இருக்குமோ என்று அஞ்சி, எவருக்கும் சொல்லாமல் மறைக்கிறார்கள். இவ்விரண்டும் தவறான வழிகளே.

1990ஆம் ஆண்டு வன்செயல்களாலும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியாலும் ஊரைவிட்டு எழும்பிய குடும்பங்கள் பலவற்றுக்கு நிலமும் வீடும் கைவிட்டுப் போயின. உழைக்கும் கையும் நடக்கும் காலுமே மிஞ்சிய முதல். அந்த முதலைக் காத்துக்கொள்ளும் வழிகளை இங்கு பார்ப்போம்.

தடிப்பு எப்படி உண்டாகிறது?

எமது தோலுக்குள் மாஸ்ட் கலங்கள் என்னும் நுண்ணிய கலங்கள் உள்ளன. இவை தூண்டப்படும்போது ஹிஸ்டமின் என்ற பொருளைக் கக்குகின்றன. அதனால் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து தோல் வீங்குகிறது. நரம்பு முனைகள் தூண்டப்பட்டு அரிப்பு எடுக்கிறது. இதுவே காணாக்கடி என்று நாம் சொல்லும் தடிப்பு. ஹிஸ்டமினைத் தடுக்கும் முதல் மருந்தை 1937இல் கண்டறிந்த டானியல் போவே என்பவருக்கு 1957இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நாம் வாங்கும் பிரிற்றன், செற்றிரிசின் முதலிய குளிசைகள் அந்த வழியில் வந்தவையே.

ஒரு தடிப்பு பெரும்பாலும் 24 மணித்தியாலத்துக்குள் அடையாளமின்றி மறையும். வேறிடத்தில் புதியது எழும்பலாம். ஆறு வாரங்களுக்கு மேல் இப்படித் தொடர்ந்தால் அது நாட்பட்ட தடிப்பு. இதற்கு வெளிக்காரணம் எதுவும் அகப்படாமல் போவதே அதிகம். ஆகவே மீன், இறால், கத்தரிக்காய் என்று ஒவ்வொன்றாக ஒதுக்கிப் பிள்ளைகளின் சாப்பாட்டைக் குறைத்துவிட வேண்டாம்.

கையிலும் காலிலும் தங்குவதேன்?

அழுத்தத்தால் வரும் தடிப்பு என்று ஒரு வகை உண்டு. மண்வெட்டிப் பிடி உள்ளங்கையை அழுத்துகிறது; நெல் மூட்டை தோளை அழுத்துகிறது; நெடுநேர நடை உள்ளங்காலை அழுத்துகிறது. அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. சில மணித்தியாலங்கள் கழித்து, பெரும்பாலும் இரவில், அவ்விடங்கள் வீங்கி எரியும், நோகும். இது ஒரு நாளுக்கு மேலும் நிற்கலாம். பகலில் செய்த வேலையை எவரும் நினைப்பதில்லை. இரவு உண்ட உணவின்மேல் பழி விழுகிறது.

அடுத்தது சொறிதல். சொறியச் சொறிய நரம்பு முனைகள் மேலும் தூண்டப்படும். அரிப்பு மேலும் எடுக்கும். சேற்றிலும் சவர்க்காரத்திலும் வரண்டுபோன தோல் இதை இன்னும் கூட்டும்.

தடிப்பல்லாத காரணங்கள்

1. சொறிப்பூச்சி: விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இரவில் கடிக்கும். நெருக்கமாகப் படுத்துறங்கும் முகாம்களிலும் சிறு வீடுகளிலும் வேகமாகப் பரவும். வீட்டார் அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசினாலே தீரும்.

2. பூச்சி நாசினி: பைரித்ரொயிட் வகை மருந்து பட்ட தோலில் சில மணித்தியாலங்களில் குறுகுறுப்பும் எரிவும் வரும், பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும். சில ஒர்கனோபொஸ்பேற் மருந்துகளால் கடுமையாக நஞ்சூட்டப்பட்டவருக்கு ஒன்று முதல் மூன்று வாரங்களின் பின் கெண்டைக்காலில் இழுப்பும், பாதங்களில் விறைப்பும், கால் தளர்ச்சியும் வரலாம்.

3. நீரிழிவு: இரு கால்களின் விரல்களிலும் தொடங்கி மெல்ல மேலேறும். இரவில் எரியும், எறும்பு ஊர்வது போலிருக்கும்.

4. தொழுநோய்: நிறம் வெளிறிய அல்லது சிவந்த படை தோன்றும். அது பொதுவாகக் கடிப்பதில்லை. அவ்விடத்தில் உணர்வு குறையும். இலங்கையில் 1983இல் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியது. 1995இல் நோய் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே இறங்கியது. எனினும் அதன் பின்னரும் ஆண்டுதோறும் புதிய நோயாளர் கண்டறியப்பட்டு வந்துள்ளனர். மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவுக்கு நோயாளரை அனுப்பிய காலத்தின் அச்சம் இன்னும் எம் ஊர்களில் நிற்கிறது. இன்று எவரும் ஒதுக்கப்பட வேண்டியதில்லை. இலவச மருந்தை ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்கள் உட்கொண்டால் நோய் குணமாகும். பிந்தினால் இழந்த உணர்வு திரும்பாமல் போகலாம். பானைச் சூடும் முள்ளும் தெரியாத கை புண்ணாகி முடங்கும்.

வீட்டிலேயே கவனியுங்கள்

தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். அதே இடத்தில் நோவுடன் நின்றாலோ, கன்றிய அடையாளம் விட்டாலோ வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கண்ணை மூடச்சொல்லி, திரித்த பஞ்சு நுனியால் கையிலும் காலிலும் படையிலும் மெல்லத் தொடுங்கள். தொட்ட இடத்தை அவர் விரலால் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால் காத்திருக்க வேண்டாம். காட்டிவிட்டாலும் விறைப்போ, பிடி தளர்வதோ, செருப்புக் கழன்றும் தெரியாமற் போவதோ இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். சீனி பார்க்கும் இரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள்.

செய்யக்கூடியவை

குளிர்நீர்த் துணியால் ஒற்றுங்கள். நகத்தை வெட்டி வையுங்கள். குளித்தபின் தேங்காயெண்ணெய் பூசுங்கள். மண்வெட்டிப் பிடிக்குத் துணி சுற்றுங்கள். பிரிற்றன் தூக்கம் தரும். அதைக் குடித்துவிட்டு உழவு இயந்திரமோ மோட்டார் சைக்கிளோ ஓட்ட வேண்டாம். அஸ்பிரின், டைக்குளோபினாக் போன்ற நோவுக் குளிசைகள் தடிப்பைக் கூட்டக்கூடும். கடையில் சொன்ன களிம்பை மாதக்கணக்கில் பூச வேண்டாம். மருந்து தெளித்தவர் வீட்டுக்குள் நுழையுமுன் சவர்க்காரமிட்டுக் குளித்து, அந்த உடுப்பை வேறாகக் கழுவ வேண்டும்.

தடிப்புடன் உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, தலை சுற்றி விழுந்தாலோ குளிசையை நம்பி இருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

கிளினிக் கொப்பி

இடம்பெயர்ந்தவர்களிடம் நாம் சிறப்பாக வேண்டுவது ஒன்றுண்டு. அடையாள அட்டையையும் காணிப் பத்திரத்தையும் பொலித்தீனில் சுற்றி வைக்கிறோம். கிளினிக் கொப்பியையும் அதனுடன் வையுங்கள். ஊர் மாறும்போது நீரிழிவு மருந்தும் தொழுநோய் மருந்தும் இடையில் நின்றுபோவதே பெரிய கேடு. கொப்பி தொலைந்தாலும் வெட்கப்படாமல் புதிய இடத்தின் ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள். அங்கு மருந்தைத் தொடரலாம். அட்டாளைச்சேனைப் பகுதி கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையின் கீழ் வருகிறது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் குடும்ப நல மாதுவிடமும் கேட்டால் எங்கு போவதென்று வழிகாட்டுவார்கள்.

அரிப்பு எடுக்கும் தோலில் உணர்வு இருக்கிறது. பெரும்பாலும் அது ஆறிவிடும். உணர்வு குறையும் தோல்தான் காத்திருக்காது. இந்த ஒரு வேறுபாட்டை இன்றிரவு உங்கள் வீட்டாருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிக்கொடுங்கள்.