ஹேக்கின்டாஷ் கணினியில் யூஎஸ்பி, புளூடூத் கோளாறுகள்

ஆப்பிள் தயாரிக்காத கணினியில் அந்நிறுவனத்தின் மேக்ஓஎஸ் இயங்குதளத்தை நிறுவினால் அந்தக் கணினி ஹேக்கின்டாஷ் எனப்படுகிறது. 2006 ஆம் ஆண்டு முதல் ஆப்பிள் தன் மேக் கணினிகளில் இன்டெல் செயலிகளைப் பொருத்தத் தொடங்கியது. அதன் பிறகே கடையில் உதிரிபாகங்களாக வாங்கிப் பூட்டிய கணினியிலும் மேக்ஓஎஸ்ஸை ஓட்டும் வழக்கம் பரவியது. மேக்ஓஎஸ் உரிம ஒப்பந்தமோ ஆப்பிள் முத்திரை உள்ள கணினிகளில் மட்டுமே அதை நிறுவ அனுமதிக்கிறது. ஆகவே சிக்கல் வரும்போது ஆப்பிளின் சேவை மையத்தை நாட வழியில்லை. பழுதைக் கண்டுபிடிப்பதும் நீக்குவதும் கணினியைப் பூட்டியவரின் வேலை.

திரை, ஒலி, இணையம் எல்லாம் சரியான பிறகும் கடைசிவரை தொல்லை தருபவை யூஎஸ்பியும் புளூடூத்தும். நீல நிறப் போர்ட்டில் செருகிய பென்டிரைவ் தெரியாது. புளூடூத்தை இயக்கும் பொத்தானை அழுத்தினால் அது திரும்பவும் அணைந்துகொள்ளும். உறக்கநிலைக்குப் போன கணினி இரண்டு நொடியில் விழித்துக்கொள்ளும். பார்வைக்கு இவை வெவ்வேறு கோளாறுகள். ஆனால் பெரும்பாலும் வேர் ஒன்றுதான். வைஃபையும் புளூடூத்தும் சேர்ந்த கார்டில் வைஃபை பகுதி பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகவும், புளூடூத் பகுதி யூஎஸ்பி வழியாகவும் கணினியோடு பேசுகின்றன. அதாவது புளூடூத் சில்லு என்பது வெளியே தெரியாத ஒரு யூஎஸ்பி கருவி. யூஎஸ்பியைச் சரிசெய்யாமல் புளூடூத்தை மட்டும் சரிசெய்ய முயல்வது வீண். புளூடூத் வேலை செய்யவில்லை என்று நல்ல கார்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக வாங்கிப் போட்டாலும், அதே பழைய நிலைதான் தொடரும்.

15 போர்ட் வரம்பு

2015 இல் வந்த எல் கேப்பிட்டன் பதிப்பில் மேக்ஓஎஸ்ஸின் யூஎஸ்பி பகுதியை ஆப்பிள் புதிதாக எழுதியது. அதிலிருந்து ஒரு யூஎஸ்பி கன்ட்ரோலருக்கு 15 போர்ட்டுகள் வரை மட்டுமே ஏற்கப்படுகின்றன. ஒவ்வொரு கருவிக்கும் இயங்குதளம் தரும் இருப்பிட எண்ணில் போர்ட்டைக் குறிக்க ஒரே ஒரு பதினறும இலக்கம் ஒதுக்கப்பட்டுள்ளது. அதில் 1 முதல் 15 வரைதான் எழுத முடியும். ஆப்பிளின் சொந்தக் கணினிகளில் எத்தனை போர்ட் உள்ளன என்பது அதற்குத் தெரியும் என்பதால் அங்கே இது ஒரு குறையாக இருந்ததில்லை.

கடையில் விற்கும் மதர்போர்டுகளின் நிலை வேறு. இன்டெல் இசட்170 வகைச் சிப்செட்டை எடுத்துக்கொண்டால், அதன் ஒரே கன்ட்ரோலரில் யூஎஸ்பி 2 வேகத்துக்கு எச்எஸ்01 முதல் எச்எஸ்14 வரை 14, சிறப்புப் பயனுக்கு 2, யூஎஸ்பி 3 வேகத்துக்கு எஸ்எஸ்01 முதல் எஸ்எஸ்10 வரை 10 என மொத்தம் 26 போர்ட்டுகள் வரையறுக்கப்பட்டுள்ளன. கேபினட்டில் அத்தனை துளைகள் இல்லையே என்று தோன்றலாம். ஒரு நீல நிறத் துளைக்குள் யூஎஸ்பி 2க்கான கம்பிகளும் யூஎஸ்பி 3க்கான கம்பிகளும் தனித்தனியே இருப்பதால் கணக்கில் அது இரண்டு போர்ட். பலகையில் இருந்தும் வெளியே இழுக்கப்படாத போர்ட்டுகளும் எண்ணிக்கையில் சேர்கின்றன.

வரிசையில் எச்எஸ் போர்ட்டுகள் முன்னால் நிற்பதால் முதல் 15 இடங்களை அவையே நிரப்பிவிடும். எஸ்எஸ் போர்ட்டுகள் வெளியே தள்ளப்படும். பழைய யூஎஸ்பி 2 பென்டிரைவ் எல்லாத் துளைகளிலும் வேலை செய்து, புதிய யூஎஸ்பி 3 வட்டு மட்டும் தெரியாமல் போவதன் காரணம் இதுதான். நிறுவும்போது பாதி வழியில் குறுக்குக் கோடிட்ட வட்டக் குறி தோன்றி நின்றுவிடுவதும் பல நேரங்களில் இதனால்தான். தொடக்க நிரல் பென்டிரைவைப் படித்துவிடுகிறது; பிறகு மேக்ஓஎஸ்ஸின் கருவகம் பொறுப்பேற்கும்போது அந்தப் போர்ட்டே அதற்குத் தெரிவதில்லை. அப்போதைக்குப் பென்டிரைவைக் கறுப்பு நிற யூஎஸ்பி 2 துளைக்கு மாற்றினால் நிறுவல் பெரும்பாலும் தொடரும். பயாஸில் எக்ஸ்எச்சிஐ ஹேண்ட்-ஆஃப் என்ற அமைப்பு இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

ஏஎம்டி ரைசன் கணினிகளில் போர்ட்டுகள் பல கன்ட்ரோலர்களுக்குப் பிரிந்திருப்பதால் வரம்பை எட்டுவது அரிது.

ஓப்பன்கோர் தொடக்க நிரலில் இந்த வரம்பைத் தற்காலிகமாக நீக்கும் எக்ஸ்எச்சிஐ போர்ட் லிமிட் என்ற திருத்தம் உண்டு. அதை இயக்கிவிட்டு அப்படியே விட்டுவிடுவது பலரின் வழக்கமாக இருந்தது. பிக் சர் 11.3 பதிப்பு வந்ததும் அந்த வழக்கம் கையைச் சுட்டது. இயங்கிக்கொண்டிருந்த கணினிகள் புதுப்பித்த பின் தொடங்கவே முடியாமல் சுழன்றன. போர்ட் வரைபடம் எழுதி வைத்திருந்தவர்கள் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

வரைபடம் எழுதுதல்

எந்தப் போர்ட்டுகள் வேண்டும், ஒவ்வொன்றும் எந்த வகை என்று மேக்ஓஎஸ்ஸுக்குச் சொல்லும் சிறு கோப்பே போர்ட் வரைபடம். இது கெக்ஸ்ட் எனப்படும் இயக்கிக் கோப்பின் வடிவில் இருக்கும். இதை உருவாக்க யூஎஸ்பி டூல்பாக்ஸ், யூஎஸ்பி மேப், ஹேக்கின்டூல் ஆகிய இலவசக் கருவிகள் உள்ளன. முதலாவது விண்டோஸிலும் ஓடும். மேக்ஓஎஸ்ஸின் வரம்பு அங்கே இல்லாததால் எல்லாப் போர்ட்டுகளையும் ஒரே அமர்வில் காணலாம். விண்டோஸ் கைவசம் இருப்பவர்களுக்கு இதுவே எளிது.

வேலை சலிப்பூட்டுவது, ஆனால் கடினமன்று. ஒரு யூஎஸ்பி 2 கருவியையும் ஒரு யூஎஸ்பி 3 கருவியையும் எடுத்துக்கொண்டு, கேபினட்டின் முன்னும் பின்னும் உள்ள ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் மாறி மாறிச் செருக வேண்டும். திரையில் எந்தப் பெயர் ஒளிர்கிறது என்று தாளில் குறித்துக்கொள்வது நல்லது. டைப்-சி துளையில் முனையைத் திருப்பிப் போட்டும் பார்க்க வேண்டும். இரு பக்கமும் ஒரே எஸ்எஸ் பெயர் வந்தால் அதன் வகை எண் 9. பக்கத்துக்கு ஒரு பெயர் வந்தால் 10. சாதாரண யூஎஸ்பி 2 துளைக்கு 0, நீல நிற யூஎஸ்பி 3 துளைக்கு 3. கேபினட்டுக்குள் நிலையாக இணைந்திருக்கும் கருவிக்கு 255. புளூடூத் சில்லு இருக்கும் போர்ட்டுக்கு இந்த 255 என்ற எண்ணைத்தான் தர வேண்டும். தானாகக் கண்டுபிடிக்கும் கருவிகள் இதை எப்போதும் சரியாக ஊகிப்பதில்லை. அதனால் கையால் மாற்ற வேண்டியிருக்கும்.

பிறகு 15ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்பக்கம் நான்கு நீலத் துளைகள் என்றால் 8. முன்பக்கம் இரண்டு என்றால் மேலும் 4. விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் இரண்டு கறுப்புத் துளைகள். ஆக 14. மீதி இருக்கும் ஒன்று புளூடூத்துக்கு. இதற்கு மேல் வேண்டுமானால் ஏதாவது ஒரு நீலத் துளையின் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டும். விசைப்பலகை மட்டுமே செருகும் துளைக்கு எஸ்எஸ் பாதி தேவையில்லை. ஒரு ஹப்பைச் செருகி அதன் பின்னால் பல கருவிகளை இணைத்தாலும் கணக்கில் ஹப் அமர்ந்த போர்ட் மட்டுமே சேரும்.

உருவான கெக்ஸ்ட்டை ஈஎஃப்ஐ பகுதியில் உள்ள ஓப்பன்கோர் அடைவில் வைத்து, கான்ஃபிக் கோப்பில் அதன் பெயரைச் சேர்த்து, மேலே சொன்ன வரம்பு நீக்கத் திருத்தத்தை அணைக்க வேண்டும். யூஎஸ்பி இன்ஜெக்ட் ஆல் என்ற பழைய கெக்ஸ்ட் இருந்தால் அதையும் அகற்ற வேண்டும். மாற்றும் முன் வேலை செய்யும் ஈஎஃப்ஐ அடைவை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வைக்காதவர்கள், வரைபடத்தில் பிழை இருந்தால் விசைப்பலகையும் சுட்டியும் அசையாத கணினியின் முன் உட்கார நேரிடும். வரைபடம் மேக்ஓஎஸ்ஸை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. பயாஸுக்கு எல்லாப் போர்ட்டுகளும் தெரியும். ஆகவே அந்தப் பென்டிரைவிலிருந்து எப்போதும் தொடங்கலாம்.

வரைபடக் கோப்புகள் சில, கணினி எந்த மேக் மாதிரியாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறது என்பதையும் தம்முள் எழுதி வைத்திருக்கும். பின்னாளில் அந்த மாதிரிப் பெயரை மாற்றினால் வரைபடம் சத்தமில்லாமல் செயலிழக்கும். நன்றாக ஓடிய யூஎஸ்பி ஒருநாள் திடீரெனக் கெட்டதாகச் சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

புளூடூத் தெரியாதபோது

வைஃபை வேலை செய்து புளூடூத் மட்டும் இல்லையென்றால் மென்பொருளைத் தொடும் முன் கேபினட்டைத் திறக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் பொருத்தும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுகளோடு ஒரு சிறு கேபிள் வரும். அதை மதர்போர்டின் ஒன்பது ஊசி கொண்ட யூஎஸ்பி 2 இணைப்பில் மாட்ட வேண்டும். பெட்டியிலேயே தங்கிவிட்ட அந்தக் கேபிள் எத்தனையோ இரவுகளைத் தின்றிருக்கிறது. எம்.2 கார்டு என்றால் மதர்போர்டே அந்த இணைப்பைத் தந்துவிடும், கேபிள் தேவையில்லை.

அடுத்து, மேக்ஓஎஸ்ஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யூஎஸ்பி பட்டியலைப் பார்க்க வேண்டும். அங்கே சில்லு இல்லையென்றால் வரைபடத்தில் அதன் போர்ட் விடுபட்டிருக்கிறது. பட்டியலில் சில்லு இருந்தும் புளூடூத் பக்கத்தில் முகவரி வெறுமையாக நின்றால் சிக்கல் அடுத்த படியில், அதாவது ஃபர்ம்வேரில் இருக்கிறது.

இன்டெல் சில்லுகளும் பிராட்காம் சில்லுகள் பலவும் தமக்கான ஃபர்ம்வேரை நிலையாக வைத்திருப்பதில்லை. மின்சாரம் வந்தபின் இயங்குதளம் அதை ஏற்றித்தர வேண்டும். இன்டெல்லுக்கு இன்டெல் புளூடூத் ஃபர்ம்வேர் என்ற கெக்ஸ்ட்டும், பிராட்காமுக்கு பிஆர்சிஎம் பேட்ச்ரேம்3 என்ற கெக்ஸ்ட்டும் அதன் தரவுக் கோப்பும் இந்த வேலையைச் செய்கின்றன. இங்கே ஒரு நல்ல தடயம் உண்டு. விண்டோஸிலிருந்து மறுதொடக்கம் செய்து மேக்ஓஎஸ்ஸுக்கு வந்தால் புளூடூத் வேலை செய்கிறது, முழுதாக அணைத்துவிட்டுத் தொடங்கினால் செய்வதில்லை என்றால், விண்டோஸ் ஏற்றிய ஃபர்ம்வேரில்தான் அது ஓடிக்கொண்டிருக்கிறது. மேக்ஓஎஸ் பக்கத்துக் கெக்ஸ்ட் தன் வேலையைச் செய்யவில்லை என்பது இதனால் உறுதியாகிறது.

2021 இல் வந்த மான்டரே பதிப்பு புளூடூத்தின் பெரும்பகுதியைக் கருவகத்திலிருந்து வெளியேற்றிப் பயனர் நிலை நிரலுக்கு மாற்றியது. அதுவரை பயன்பட்ட இன்ஜெக்டர் கெக்ஸ்ட்டுகள் பயனற்றுப் போயின. மான்டரேயிலிருந்து அவற்றுக்குப் பதிலாக புளூடூல் ஃபிக்ஸப் வேண்டும். இன்டெல் சில்லுக்கு அதனுடன் இன்டெல் பிடி பேட்சரும் சேரும். இரு தலைமுறைக் கெக்ஸ்ட்டுகளையும் ஒன்றாகப் போட்டு வைப்பது கூடாது. எல்லாம் சரியாக இருந்தும் பொத்தான் இயங்க மறுத்தால் என்விரேம் நினைவகத்தை ஒருமுறை அழித்துப் பார்க்கலாம்.

ஏர்டிராப் வேலை செய்யாததை மட்டும் வைத்துப் புளூடூத்தைக் குறை சொல்ல முடியாது. அருகில் உள்ள கருவியைக் கண்டுபிடிக்க அது புளூடூத்தையும், கோப்பை அனுப்ப வைஃபையையும் பயன்படுத்துகிறது. இன்டெல் கார்டுகளில் ஏர்டிராப் கிடைப்பதில்லை. ஆப்பிளே பயன்படுத்திய பிராட்காம் கார்டுகளில் கிடைத்தது. 2023 இல் சோனோமா பதிப்பு அவற்றின் வைஃபை இயக்கியை நீக்கிவிட்டதால் இப்போது தனித் திருத்தம் தேவைப்படுகிறது.

கோளாறு போலத் தோன்றும் இன்னொன்று, ஒரே கணினியில் விண்டோஸும் வைத்திருப்பவர்களுக்கு நேர்கிறது. விண்டோஸில் இணைத்த விசைப்பலகை மேக்ஓஎஸ்ஸில் இணையாது. மேக்ஓஎஸ்ஸில் புதிதாக இணைத்தால் விண்டோஸில் அறுந்துவிடும். இரண்டு இயங்குதளங்களும் ஒரே சில்லின் முகவரியைக் கொண்டு தனித்தனி ரகசியச் சாவியை உருவாக்குகின்றன. விசைப்பலகை கடைசிச் சாவியைத்தான் நினைவில் வைக்கும். ஒரு பக்கத்துச் சாவியை மறுபக்கத்தில் எழுதிவிட்டால் தீர்ந்தது. எப்படியிருந்தாலும் கம்பியுள்ள விசைப்பலகை ஒன்று கைவசம் இருக்க வேண்டும். பயாஸிலும் ஓப்பன்கோர் தேர்வுத் திரையிலும் புளூடூத் விசைப்பலகை பயன்படாது.

விட்டுவிட்டு வரும் இணைப்பு

எல்லாம் வேலை செய்தும் சுட்டி திக்குவதும் ஹெட்போன் விட்டுவிட்டு ஒலிப்பதும் கெக்ஸ்ட் சிக்கலாக இருக்க வேண்டியதில்லை. யூஎஸ்பி 3 கருவிகளும் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உமிழ்கின்றன என்பதை இன்டெல் 2012 இல் வெளியிட்ட ஆய்வறிக்கையே விளக்கியிருக்கிறது. புளூடூத் இயங்குவதும் அதே அலைவரிசையில்தான். ஆன்டெனாவைத் திருகாமல் விட்ட கார்டுக்குப் பக்கத்தில் யூஎஸ்பி 3 வட்டு ஓடினால் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. ஆன்டெனாவை மாட்டி மேசைமேல் ஏற்றி வைப்பதும், வட்டை வேறு துளைக்கு மாற்றுவதும் போதும்.

உறக்கநிலை

தூங்கிய உடனே விழிக்கும் கணினியில் முதலில் பார்க்க வேண்டியது புளூடூத் போர்ட்டின் வகை எண். அது 255 ஆக இல்லாவிட்டால் மேக்ஓஎஸ் அதை வெளியே செருகிய கருவியாக எண்ணுகிறது. உறங்கும்போது அதன் இணைப்பு மாறுவதே விழிப்பதற்கான அழைப்பாகிவிடும். எண் சரியாக இருந்தும் விழித்தால், டெர்மினலில் பிஎம்செட் கட்டளையின் பதிவைப் படித்து எந்தக் கருவி எழுப்பியது என்று அறியலாம். யூஎஸ்பி கன்ட்ரோலரின் பெயரே அங்கே திரும்பத் திரும்ப வந்தால் ஜிபிஆர்டபிள்யூ என்ற எஸ்எஸ்டிடி திருத்தம் உதவும். ஆனால் அதைப் போட்ட பின் விசைப்பலகையைத் தட்டி எழுப்ப முடியாமல் கணினியின் பவர் பொத்தானை அழுத்த வேண்டி வரலாம்.

விழித்த பின் வெளி வட்டு முறையாக அகற்றப்படவில்லை என்ற எச்சரிக்கை வந்தால் உறக்கத்தில் போர்ட்டுக்கு மின்சாரம் நின்றிருக்கிறது. ஸ்கைலேக் தலைமுறை முதலான கணினிகளில் போர்ட்டுகளுக்கான மின்னோட்ட அளவை யூஎஸ்பிஎக்ஸ் என்ற எஸ்எஸ்டிடி கோப்பில் எழுதித்தர வேண்டும். ஐபோன், ஐபேட் மெதுவாக மின்னேறுவதும் அதே கோப்பு இல்லாததால்தான்.