சோற்றைக் குறைப்பதா, நடையைக் கூட்டுவதா?



தொலைக்காட்சிக் கருத்தரங்கில் எந்தத் தலைப்பை எடுத்தாலும் அரங்கில் இரண்டு அணிகள் இருக்கும். ஆனால், சோறு என்று பேச்செடுத்தால் வீட்டுக்கு வீடு இரண்டு அணிகள். "சோற்றை நிறுத்தினேன், இரண்டே வாரத்தில் நான்கு கிலோ குறைந்தேன்" என்பார் ஒருவர். "காலங்காலமாகச் சோறு சாப்பிட்டவர்கள் நாம். நம் தாத்தா பாட்டிக்கெல்லாம் இனிப்புநீரா வந்தது?" என்று கேட்பார் இன்னொருவர். இருவர் பேச்சிலும் உண்மை உண்டு. இருவரும் சொல்லாமல் விடும் செய்தியும் உண்டு.

எனக்கு இது வெறும் நிகழ்ச்சித் தலைப்பு அல்ல. என் தந்தை பல ஆண்டுகளாக இனிப்புநீருக்கு மாத்திரை சாப்பிடுபவர். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, சோறு, தோசை, ரொட்டி எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினார். மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டார். நான்காம் நாள் காலையில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறி, சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா சீனித் தண்ணீர் கலக்கிக் கொடுத்ததால் அன்று தப்பினார். கிளினிக்கில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "சாப்பாட்டை மாற்றியதை ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை?" என்பதுதான். எங்கள் யாரிடமும் பதில் இல்லை. அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

புதிதாக வந்ததல்ல

மாவுச்சத்தைக் குறைத்து உடல் எடையைக் குறைக்கும் முறை இன்று நேற்று தோன்றியதல்ல. லண்டனில் ஈமச்சடங்கு ஏற்பாட்டாளராகத் தொழில் செய்த வில்லியம் பான்டிங், மருத்துவரின் ஆலோசனைப்படி ரொட்டி, சீனி, உருளைக்கிழங்கைக் குறைத்து உடல் மெலிந்தார். அந்த அனுபவத்தை 1863-ஆம் ஆண்டில் சிறு நூலாக வெளியிட்டார். 1921-இல் அமெரிக்காவில் வலிப்பு நோய்க்கான சிகிச்சையாக, கொழுப்பு மிகுந்து மாவுச்சத்து மிகக் குறைந்த உணவு முறை பரிந்துரைக்கப்பட்டது. இன்று நாம் 'கீட்டோ' என்று சொல்வதன் வேர் அதுதான். 1972-இல் டாக்டர் ராபர்ட் அட்கின்ஸ் எழுதிய நூல் இந்தச் சிந்தனையை உலகெங்கும் பரப்பியது. அவர் 2003-இல் காலமானார். அவர் பெயரில் இயங்கிய நிறுவனம் 2005-இல் திவால் பாதுகாப்புக் கோரியது. நிறுவனம் தடுமாறினாலும் விவாதம் மட்டும் ஓயவில்லை.

முதல் வாரத்தில் குறைவது எது?

நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் செரித்து, குளுக்கோஸ் என்ற சர்க்கரையாக இரத்தத்தில் கலக்கின்றன. அதை உயிரணுக்களுக்குள் செலுத்த இன்சுலின் உதவுகிறது. உடனே செலவாகாத குளுக்கோஸின் ஒரு பகுதி, கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனுடன் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரும் சேர்ந்தே தங்குகிறது.

மாவுச்சத்தை நிறுத்தினால், உடல் முதலில் இந்தச் சேமிப்பைச் செலவழிக்கிறது. அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் தராசு முள் சரசரவென்று இறங்குவதற்கு இதுவே முக்கியக் காரணம். கொழுப்பு கரைவது அதைவிட மெதுவாகத்தான் நடக்கும். மீண்டும் சோறு சாப்பிட்டதும் ஓரிரு நாளில் இரண்டு கிலோ ஏறிவிட்டதே என்று கலங்குபவர்கள், அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பதை அறிந்தால் நிம்மதி அடையலாம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2003-இல் அமெரிக்காவில் உடல் பருமன் கொண்ட 63 பேரிடம் நடத்திய ஆய்வில், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் ஆறு மாதத்தில் கூடுதலாக எடை குறைந்தனர். ஓராண்டு முடிவிலோ, இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பலர் பாதியிலேயே விலகியும் விட்டனர்.

2018-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 609 பேரைக் கொண்டு இதைவிடப் பெரிய ஆய்வு ஒன்றை வெளியிட்டது. ஒரு பிரிவினர் கொழுப்பைக் குறைத்தனர். மறு பிரிவினர் மாவுச்சத்தைக் குறைத்தனர். சீனியையும் வெள்ளை மாவுப் பண்டங்களையும் தவிர்த்துக் காய்கறிகளைக் கூட்டும்படி இரு பிரிவினருக்கும் சொல்லப்பட்டது. ஓராண்டில் முதல் பிரிவினர் சராசரியாக 5.3 கிலோவும், இரண்டாம் பிரிவினர் 6 கிலோவும் குறைந்தனர். ஏறக்குறைய சமம் என்றே கொள்ள வேண்டும். ஆக, எந்தச் சத்தைக் குறைத்தோம் என்பதைவிட, நல்ல உணவை எவ்வளவு காலம் கடைப்பிடித்தோம் என்பதே முக்கியம்.

இனிப்புநீர் உள்ளவர்களுக்குக் கணக்கு சற்று வேறு. மாவுச்சத்தைக் குறைத்தால் அவர்களின் இரத்தச் சர்க்கரை இறங்குகிறது என்பதை அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் 2019-இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே, "சோற்றைக் குறைப்பதில் பயனே இல்லை" என்று வாதிடுவதும் சரியல்ல. ஆனால், குறைத்த சோற்றின் இடத்தில் எதை வைக்கிறோம்? பொரித்த கோழியையும் நெய்யையும் நிரப்பினால் சிலருக்குக் கெட்ட கொழுப்பு ஏறிவிடுகிறது. மீன், பருப்பு, கொட்டை வகைகள், கீரை என்று மாற்றிக்கொள்பவர்களுக்கு அந்தக் கவலை குறைவு.

தோட்டத்து ஞாபகம்

இப்போது தாத்தா பாட்டி கேள்விக்கு வருவோம். தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் மூத்தோர் மூன்று வேளையும் சோறு சாப்பிட்டது உண்மை. ஆனால், விடியுமுன் எழுந்து பால்மரம் சீவி, மேடு பள்ளம் ஏறி இறங்கி, வாளி சுமந்து நடந்த உழைப்பை நாம் மறந்துவிடுகிறோம். தட்டில் அதே சோறு இருக்கிறது. நாமோ காரிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து சோபாவுக்கும் மாறிக்கொண்டிருக்கிறோம்.

இயங்கும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமல் இரத்தத்திலுள்ள குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். உணவுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிட நடை பலன் தருவது அதனால்தான். இனிப்புநீர் வரும் கட்டத்தில் இருந்த 531 இந்தியர்களிடம் சென்னை மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு நெருக்கமானது. உணவு மாற்றமும் நடையும் மட்டுமே நோய் வரும் அபாயத்தை 28.5 விழுக்காடு குறைத்தன. மெட்ஃபோர்மின் மாத்திரை தந்த பலனும் ஏறக்குறைய அதே அளவுதான்.

ஆனால், உடற்பயிற்சி மட்டும் செய்து எடையைக் குறைப்பது கடினம். அரை மணி நேர நடையில் செலவான சக்தியை ஒரு கிளாஸ் தே தாரிக் ஈடுகட்டிவிடும். எடை இறங்க உணவுக் கட்டுப்பாடு அதிகம் உதவும். இறங்கிய எடை மீண்டும் ஏறாமலிருக்கவும், இதயமும் தசையும் வலுப்பெறவும் பயிற்சி உதவும். வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

மாத்திரை சாப்பிடுவோர் கவனத்திற்கு

கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றை நிறுத்தினால், சர்க்கரை அபாய அளவுக்கு இறங்கிவிடும். என் தந்தைக்கு நேர்ந்தது அதுதான். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் கீட்டோ உணவைத் தொடங்கினால், சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே இரத்தத்தில் அமிலம் கூடிவிடும் ஆபத்து உண்டு. கர்ப்பிணிகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இம்முறைகளைத் தொடவே கூடாது. அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது. சாப்பாட்டை மாற்றுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவை அவர் மாற்றித் தருவார்.

நம் தட்டில் என்ன செய்யலாம்?

2019-இல் எடுக்கப்பட்ட மலேசிய தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அப்போது இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே இது இன்னும் அதிகம். இதற்குச் சுகாதார அமைச்சு சொல்லும் வழி எளிது: 'சுக்கு சுக்கு செபாரு'. மருந்துச் சுக்கு அல்ல, மலாயில் கால் பங்கு! தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கறியும் பழமும். சோற்றையே வெறுக்க வேண்டியதில்லை. மலைபோல் குவித்த சோற்றின் ஓரத்தில் கொஞ்சம் காய் வைக்கும் பழக்கத்தைத் தலைகீழாக மாற்றினால் போதும். பானத்தைச் சீனி இல்லாமல் கேட்டு வாங்கினால் பாதி வெற்றி.

என் தந்தை இப்போது மதியத்தில் சிறு கிண்ணம் சோறு சாப்பிடுகிறார். இரவு உணவுக்குப் பின் அம்மாவோடு வீட்டைச் சுற்றி நடக்கிறார். மாத்திரையின் அளவை மருத்துவர் மாற்றியிருக்கிறார். வாட்ஸ்அப்பில் புதிய காணொளி வந்தால், "இதை டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான்" என்று தனியே எடுத்து வைக்கிறார்.

உங்கள் வீட்டிலும் யாராவது சோற்றை நிறுத்தியிருந்தால், இன்றே ஒரு கேள்வி கேளுங்கள்: "மருத்துவரிடம் சொன்னீர்களா?" நாங்கள் கேட்கத் தவறிய கேள்வி அது. மீண்டும் அடுத்த வாரம் சந்திப்போம்.