கணுக்கால் வீக்கம்: காபி ஃபில்டர் சொல்லும் கணக்கு

அலிபிரியில் தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றிவிட்டுப் படியேறத் தொடங்கினால் திருமலை போய்ச்சேர ஏறத்தாழ 3,550 படிகள், 9 கிலோமீட்டர். மறுநாள் கணுக்கால் வீங்கினால் எல்லோரும் பழியைப் படிகள்மேல்தான் போடுகிறார்கள். என் கட்சி வேறு. பெரும்பாலும் காலை வீங்கவைப்பது ஏறிய நேரமல்ல. மேலே வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில் காத்திருந்த நேரமும், ஊர் திரும்பும் பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த நேரமும்தான்.

ஏன் என்று புரிய வீட்டுக் காபி ஃபில்டர் போதும். மேல் பாத்திரத்தின் அடியில் பொடிப்பொடி ஓட்டைகள். அதில் காபிப்பொடி. அதன்மேல் குடைத்தட்டை வைத்து வெந்நீர் ஊற்றுகிறோம். டிகாக்‌ஷன் கீழ்ப் பாத்திரத்தில் சொட்டுகிறது. காலின் நுண்ணிய ரத்தக்குழாய்தான் மேல் பாத்திரம். அதைச் சுற்றியுள்ள சதை கீழ்ப் பாத்திரம். ரத்தத்திலிருந்து நீர் இப்படிச் சொட்டிக்கொண்டே இருப்பது நோயல்ல, இயல்பு. திசுக்களுக்கு உணவு போவதும் அதே குழாய்ச் சுவர் வழியாகத்தான்.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு டம்ளர் ஊற்றினால் இரண்டு டம்ளரும் கீழே இறங்காது; பொடி கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் அந்தப் பொடியின் வேலையைச் செய்வது ஆல்புமின் என்ற புரதம். நீரைத் தள்ளும் அழுத்தம் ஒரு பக்கம், பிடித்து வைக்கும் புரதம் மறுபக்கம். இந்த இழுபறியை 1896இல் விளக்கியவர் இங்கிலாந்தின் எர்னஸ்ட் ஸ்டார்லிங். மிஞ்சி இறங்கிய நீரை அவ்வப்போது ஊற்றியெடுத்துக் கொண்டுபோக நிணநீர்க் குழாய்கள் இருக்கின்றன. அந்த வேலை நின்றால் கீழ்ப் பாத்திரம் வழியும்.

இப்போது க்யூவுக்கு வருவோம். அசையாமல் நிற்கும்போது இதயத்திலிருந்து கணுக்கால்வரை உள்ள ரத்தம் முழுவதும் அந்தக் கீழ்க்கோடியில் பாரமாக உட்கார்ந்திருக்கிறது. கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரசம். குடைத்தட்டைக் கையால் அழுத்திக்கொண்டே இருப்பதுபோல. நடக்கத் தொடங்கியதும் ஆடுதசை சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே அனுப்புகிறது. வால்வுகள் அதைத் திரும்ப விழாமல் தடுக்கின்றன. அழுத்தம் 30க்கும் கீழே வந்துவிடும். படியேறுகிறவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார் என்று பொருள். சிரைகள் சுருண்டு புடைக்கும் ‘நரம்புச் சுருட்டல்’ உள்ளவர்களுக்கு வால்வு பழுது என்பதால் இந்த லாபம் அரைகுறைதான். வெயிலும் களைப்பும் சேர்ந்தால் நடந்த காலும் சற்று உப்பும். ஆனால் அது ஓர் இரவில் வடிந்துவிடும்.

வடியாத வீக்கம் வேறு கதை. காலின் முன் எலும்பின்மேல் கட்டைவிரலால் சில விநாடிகள் அழுத்துங்கள். குழி விழுந்து மெல்ல நிரம்பினால் நீர் தேங்கியிருக்கிறது. தினமும் அப்படியிருந்தால் ஃபில்டரில் எங்கே கோளாறு என்று தேட வேண்டும். இதயம் தளர்ந்தால் ரத்தம் பின்னால் தேங்கி அழுத்தம் கூடும். சிறுநீரகம் புரதத்தைக் கசியவிட்டாலோ, கல்லீரல் அதைத் தயாரிக்காவிட்டாலோ பொடி குறைந்த ஃபில்டர்தான், நீர் நிற்காது. சிறுநீர் விடாமல் நுரைத்தால் சோதியுங்கள். கொசு பரப்பும் யானைக்கால் புழு நிணநீர்க் குழாயையே கெடுத்துவிடும். கும்பகோணம் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பலர் சந்தேகிக்காத ஆள் மாத்திரை டப்பாவிலேயே இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்கவைக்கும். அது நுண்குழாய்க்கு முந்திய தமனிகளை விரிப்பதால் ஃபில்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. உடம்பில் நீர் மிஞ்சியதால் வந்த வீக்கமல்ல என்பதால் நீர் பிரியும் மாத்திரை இதற்கு அவ்வளவாக உதவாது. அதற்காக அம்லோடிபினை நீங்களாக நிறுத்தக் கூடாது. டாக்டர் அளவைக் குறைப்பார் அல்லது மாற்றுவார். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் வகையும் உப்பையும் நீரையும் தேக்கும்.

அடுத்தது உப்பு. அது நீரை உடம்பில் நிறுத்தி வைக்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், வழியில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கும் மாங்காய் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். பார்லி கஞ்சியைப் பலர் மருந்தாக நம்புகிறார்கள். உப்பைக் குறைக்காமல் பார்லி குடிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

காத்திருக்கையில் அரை மணிக்கொரு தரம் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். படுக்கும்போது காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தலையணையில் வையுங்கள். அழுத்தக் காலுறை போடுவதானால் காலையில் எழுந்து நடமாடுவதற்கு முன்பே. ஆனால் கால் தமனியில் அடைப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்து, டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். வெறுங்காலோடு படியேறும் சர்க்கரை நோயாளிகள் இறங்கியதும் பாதத்தைப் பாருங்கள். வீங்கிய காலில் சிறு கீறலும் சீழ்பிடிக்கும்.

இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் நடைபாதையைத் தவிர்க்கும்படி திருமலை திருப்பதி தேவஸ்தானமே அறிவுறுத்துகிறது. அதை மதியுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ, வீக்கத்தோடு மூச்சு வாங்கினாலோ, மல்லாந்து படுக்க முடியாமல் போனாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.