எஞ்சின் ஒன்று, கியர் பாக்ஸ் வேறு: இரண்டும் எப்படிச் சேர்கின்றன?

திருமுருகன்பூண்டியில் ஒரு வீட்டு ஷெட்டில் பழைய அம்பாசடர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் 1489 சி.சி. பி.எம்.சி. எஞ்சின் தேய்ந்துவிட்டது. 1990களில் இந்துஸ்தான் மோட்டார்ஸே அம்பாசடரில் பொருத்தி விற்ற 1817 சி.சி. இசுஸு எஞ்சின் ஒன்று கைக்குக் கிடைக்கிறது. பழைய நாலு கியர் பாக்ஸோடு அது சேருமா?

அடுப்படியில் இருக்கும் மிக்ஸியைப் பாருங்கள். கீழே மோட்டார், அதுதான் எஞ்சின். மேலே ஜார், அதுதான் கியர் பாக்ஸ். ஒரு கம்பெனி ஜார் இன்னொரு கம்பெனி மோட்டாரில் லேசில் உட்காராது. உட்கார வைக்க நடுவில் போடும் தகடுதான் அடாப்டர்.

முதலில், மிக்ஸியில் மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளர். வண்டியில் அந்த வேலையைச் செய்வது கிளட்ச் பிளேட். அதன் வெளிவட்டம் எஞ்சினின் ஃப்ளைவீலுக்கு ஒத்துப்போக வேண்டும். நடுத்துளையின் பல், கியர் பாக்ஸ் ஷாஃப்டுக்கு. ஆகவே ஷாஃப்டின் பல்லை எண்ணுங்கள், வெர்னியரால் விட்டத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு உயரம். ஜார் சற்றுத் தூக்கி நின்றால் கப்ளர் நுனியில் மட்டும் கடித்து வழுக்கும். தகடு நடுவில் வந்ததும் அதன் கனத்துக்குக் கியர் பாக்ஸ் பின்னால் போகிறது. ஷாஃப்டின் நுனியோ கிராங்கின் பின்முனையிலுள்ள பைலட் புஷ்ஷுக்குள் உட்கார்ந்தாக வேண்டும். எட்டாவிட்டால் ஆடும், நீண்டால் குழியின் அடியில் முட்டும். வெளிவிட்டம் கிராங்குக்கும் உள்விட்டம் ஷாஃப்டுக்கும் பொருந்தும்படி புதுப் புஷ் கடைய வேண்டியிருக்கும். பனியன் மெஷின்களுக்கு உதிரி கடையும் லேத் பட்டறைக்கு இது பழகிய வேலை.

அடுத்தது மையம். போல்ட் துளைகள் ஒத்துவந்ததும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள்; அது தவறு. போல்ட் இறுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். மையத்தைக் காப்பது டோவல் பின். ஃப்ளைவீலில் டயல் கேஜைப் பொருத்தி, கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். கிளட்சை மூடும் பெல் ஹவுசிங்கின் நடுத்துளையில் முள்ளின் ஆட்டம் 0.25 மி.மீ.க்குள் இருக்கட்டும். மீறினால் புஷ் தேயும், கியர் தானாக நழுவும்.

லாரி எஞ்சினுக்குப் பொருந்தும் கியர் பாக்ஸைத் தேடுவது எளிது. பெரிய டீசல் எஞ்சின்கள் பலவற்றின் ஹவுசிங் எஸ்.ஏ.இ. என்ற பொது அளவில் வரும், எண் குறையக் குறைய வட்டம் பெரிது. 3ஆம் எண்ணுக்கு உள்விட்டம் 409.6 மி.மீ., 12 போல்ட். 2ஆம் எண்ணுக்கு 447.7 மி.மீ. காருக்கு அப்படிப் பொது அளவு இல்லை.

அதனால் என் யோசனை: இசுஸு எஞ்சினை அதன் ஐந்து கியர் பாக்ஸோடு சேர்த்தே வாங்குங்கள். தகடே வேண்டாம், மவுண்டும் புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளமும் பார்த்தால் போதும்.

இன்னொன்று. 2021இல் வந்த மத்திய விதித் திருத்தப்படி, 50 ஆண்டு தாண்டி அசல் வடிவம் மாறாத காருக்குத்தான் விண்டேஜ் பதிவும் ‘வி.ஏ.’ எழுத்துள்ள நம்பரும். எஞ்சினில் பெரிய மாற்றம் செய்தால் அது கிடைக்காது. எனவே வேலையைத் தொடங்கும் முன் ஆர்.சி.யில் உள்ள பதிவு ஆண்டைப் பார்த்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.