பூக்கொத்திக் குருவியும் புல்லுருவியும்

சோளிங்கர்ப் பக்கத்தில் மாமரம் வைத்திருப்போர் புல்லுருவியை அறியாதவரல்லர். குருவிச்சை என்றும் இதனை வழங்குவர். தடித்த இலையும் நீண்ட குழல் போன்ற பூவும் உடைய இச்செடி மா, வேம்பு, புங்கம் முதலிய மரங்களின் கிளைமேல் வளரும். இதன் விதையைப் பரப்புவது பூக்கொத்திக் குருவியாதலால், அக்குருவியைத் தொலைத்தால் போதுமென்று குடியானவர்க்குத் தோன்றுதல் இயல்பே. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபின் முடிவு செய்வது நலம்.

பூக்கொத்தி நம் நாட்டின் மிகச் சிறிய பறவைகளுள் ஒன்று. கட்டைவிரல் அளவே இருக்கும். அது புல்லுருவியின் மொட்டை அலகால் அழுத்தித் தேனை உண்ணும். பூவும் அதனால் மகரந்தம் பெறும். பின்னர்ப் பழத்தை விழுங்கும். சில நிமிஷங்களில் எச்சத்தோடு வெளிப்படும் விதை பசைபோல் ஒட்டுந் தன்மையுடையது. குருவி அதனைக் கிளையில் தேய்த்துவிட, அங்கேயே முளைக்கும். பறவைநூல் வல்லுநர் சாலிம் அலி இதனைக் கொங்கண நாட்டில் ஆராய்ந்து 1931ஆம் வருஷத்தில் வெளியிட்டார்.

செடியின் தன்மை வேறு. பச்சிலை இருப்பதால் உணவைத் தானே சமைத்துக்கொள்ளும். ஆயினும் நீரையும் உப்புச் சத்துக்களையும் மரத்தினின்றே உறிஞ்சும். ஒட்டிய இடம் வீங்கும், அதற்கப்பாலுள்ள கிளை மெலிந்து பட்டுப்போகும், காய்ப்பும் குன்றும். குருவியோ மரத்துக்கு நேரே ஒரு தீங்கும் செய்வதில்லை. சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும் தின்னும். ஒரு தோப்பில் விரட்டினாலும் அடுத்த தோப்பிலிருந்து வேறு குருவி வரும். செடியோ இடம் பெயராது. ஆகவே அழிக்கத்தக்கது செடியே.

வெறுமனே ஒடித்தெறிந்தால் பட்டையில் தங்கிய வேர் மீண்டும் தழைக்கும். ஆதலால் பழம் முற்றுமுன், வீக்கத்துக்குக் கீழே சுமார் ஓரடி விட்டு, தாய்மரத்தின் பக்கமாகக் கிளையை அறுத்துவிடல் வேண்டும். பருங்கிளையாயின் ஒட்டிய பகுதியை உளியால் செதுக்கியெடுத்து, காயத்துக்குப் போர்டோ பசை பூசுக. வெட்டிய செடி நிலத்தில் வேரூன்றாது. அடுத்த வருஷமும் மரத்தைப் பார்வையிடுதல் அவசியம்.

ஒருவர் மட்டும் வெட்டிப் பயனில்லை. புறம்போக்கிலும் சாலையோரத்திலும் ஒரு மரத்தில் பழம் பழுத்தால் போதும், அவ்வூர்த் தோப்புகளுக்கெல்லாம் விதை கிடைத்துவிடும். கிராம அதிகாரிகள் அம்மரங்களையும், நிலச்சொந்தக்காரர் தத்தம் மரங்களையும் ஒரே பருவத்தில் சுத்தம் செய்வார்களாயின், குருவி இருப்பினும் அது சுமந்து செல்ல விதை இராது.