பாப்பா ஏன் உம்முன்னு இருக்கு?

வானகரம் பைபாஸில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும் மாலை நேரம். மாடி வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை தரையில் புரண்டு அழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பசியா, தூக்கமா, அண்ணன் மேல் பொறாமையா? "அழாத கண்ணு, ஆயா இருக்கேன்ல" என்று பாட்டி தூக்கிக்கொள்வார். காரணம் பிள்ளைக்கே தெரியாது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. அந்த வயதில் எட்டுக்கும் சேர்த்து ஒரே வழிதான்: கத்துவது.

படப்புத்தகம் கை கொடுப்பது இங்கேதான். நிஜ முகத்தில் கோபம் வந்த வேகத்தில் போய்விடும். படத்தில் அது அப்படியே நிற்கும். பக்கத்தைப் பின்னால் திருப்பி, இந்த முகம் இப்படி ஆனதற்கு முன்னால் என்ன நடந்தது என்றும் தேடலாம்.

ஆனால் வாசிக்கும் விதத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சீலியா பிரவுனெல் குழுவினர், 18 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளோடு பெற்றோர் படப்புத்தகம் பார்ப்பதைக் கவனித்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். "இவனுக்குச் சோகம்" என்று தாங்களே சொல்லிக்கொண்டு போன பெற்றோரைவிட, "இவன் எப்படி இருக்கான்? ஏன்?" என்று கேட்டு, பிள்ளையைப் பேசவைத்த பெற்றோரின் குழந்தைகளே மற்றவருக்கு உதவுவதிலும் பகிர்வதிலும் முந்தினார்கள். இது தொடர்புதான், காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் நம் வீடுகளில் கேள்வியும் பதிலும் பெரியவர்களிடமிருந்தே வருவதை நினைத்தால் சுருக்கென்கிறது.

இன்னொன்று, விலங்குக் கதைப் பிரியர்களுக்குப் பிடிக்காது. கனடாவின் டொரன்டோ ஆய்வில், 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்குப் பகிர்வதைப் பற்றிய ஒரே கதையை இரண்டு விதமாக வாசித்தார்கள். மனிதர்கள் வரும் கதையைக் கேட்டவர்கள்தான் பிறகு கூடுதலாக ஸ்டிக்கர்களைப் பகிர்ந்தார்கள். சட்டை போட்ட ரக்கூன் என்ற விலங்கு வரும் கதை அவ்வளவாக வேலை செய்யவில்லை.

நம்மூர் வீடும் நம்மூர் முகமும் வரைந்த புத்தகங்களுக்கு அலைய வேண்டியதில்லை. சென்னையின் தூலிகா பதிப்பகம் 1996 முதல் அவற்றைத் தமிழிலும் ஆங்கிலம்-தமிழ் இருமொழிப் பதிப்பாகவும் கொண்டுவருகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இன்றிரவு ஒன்றை எடுங்கள். "பாப்பா ஏன் கையைப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். அதுவரை பக்கத்தைத் திருப்பாதீர்கள்.