கட்டபொம்மன் காலத்துல என்ஃபீல்டு எப்படி பாஸ்? டம்மி துப்பாக்கிக்கு ஒரிஜினல் லுக் கொடுக்கும் வித்தை!

பூந்தமல்லி தாண்டினா ஈ.வி.பி ஃபிலிம் சிட்டி. சுத்துப்பட்டுல ஷூட்டிங் பார்த்தே வளர்ந்த பசங்க, ஷார்ட் ஃபிலிம்னு இறங்கினா முதல் ஆசையே பீரியட் படம்தான். கோட்டும் தலைப்பாகையும் வாடகைக்குக் கிடைச்சுடும். சொதப்புறது துப்பாக்கியில!

கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது 1799-ல. ஆனா, கம்பெனி சிப்பாய் கையில் இருக்கிறது 1853 மாடல் என்ஃபீல்டு. 54 வருஷ வித்தியாசம். கண்டுபிடிக்கிறது ஈஸி. குழலைச் சுத்தி மூணு இரும்பு வளையம் இருந்தா அது என்ஃபீல்டு. 1799-க்குத் தேவை, 'பிரவுன் பெஸ்' மஸ்கட். அதுல வளையமே கிடையாது; குழலைக் கட்டையோடு சின்னச் சின்ன ஊசிகள்தான் பிடிச்சிருக்கும்.

ரெண்டுமே வாய்வழியா மருந்தைப் போட்டு, கம்பியால குத்தி இறக்கிச் சுடுறதுதான். தீப்பொறி வர்ற விதம்தான் வேற. பிரவுன் பெஸ்ல சிக்கிமுக்கிக் கல் இரும்புத் தகட்டுல உரசும். என்ஃபீல்டுல சின்னச் செம்புத் தொப்பியைச் சுத்தி அடிக்கும். பாளையக்காரர் வீரர்கள்ட்ட வேல், ஈட்டியோட இருந்தது திரித் துப்பாக்கி. அதைப் பிடிச்சிருக்கிற நடிகர் கையில, நுனியில கனலுற கயிறும் இருக்கணும். இதை மறக்காத படம் ரொம்பக் கம்மி!

இந்தியாவுக்குன்னே வந்த பிரவுன் பெஸ் மாடலுக்குக் குழல் 39 இன்ச். பி.வி.சி பைப்பும் மரக்கட்டையுமே போதும். அம்பத்தூர் எஸ்டேட்ல நமக்குத் தெரிஞ்ச லேத் பட்டறை இருக்கேன்னு இரும்புக் குழாய் கடையப் போயிடாதீங்க. டம்மியை லைசென்ஸ் இல்லாம நிஜத் துப்பாக்கியா மாத்துறது, 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். குழலுக்குள்ள எம்-சீல் வெச்சு அடைச்சுடுங்க.

அடுத்து பெயின்ட். 'பழசு'ன்னாலே துருவை அப்புறதுதான் பெரிய தப்பு. நமக்குத்தான் அது மியூசியம் பொருள். அந்தச் சிப்பாய்க்குப் புதுத் துப்பாக்கி, தினமும் தேய்ச்சுத் துடைச்சு வெச்சிருப்பான். அதனால குழலுக்கு வெள்ளி நிறம், விசைக் காப்புக்கும் அடிக்கட்டைத் தகட்டுக்கும் பித்தளை நிறம். மரத்துக்கு வார்னிஷ் வேணாம், லின்சீட் ஆயில் தேய்ங்க. கை பிடிக்கிற இடம், கன்னம் படுற இடம் மட்டும் கொஞ்சம் கறுக்கட்டும். கல் உரசுற இடத்துல கரி கட்டாயம். க்ளோஸப்ல ஸ்டார் ஸ்க்ரூ தெரிஞ்சுது... மொத்த உழைப்பும் காலி! அது 1930-கள்ல புழக்கத்துக்கு வந்த ஐட்டம். ஒத்தைக் கோடு போட்ட ஸ்க்ரூதான் சரி.

கூகுள் இமேஜை மட்டும் நம்பாம, எழும்பூர் மியூசியத்துலயும் கோட்டை மியூசியத்துலயும் பழைய ஆயுதங்களை நேர்ல பாருங்க.

ஒரு விஷயம். டம்மி நல்லா அமைஞ்சா, தூரத்துல இருந்து பார்க்கிறவங்களுக்கு அது நிஜம்தான். ஆவடி பக்கம் ராணுவத் தொழிற்சாலைகள் வேற. பைக்ல தோள்ல மாட்டிட்டுப் போகாம, துணியில சுத்தி எடுத்துட்டுப் போங்க. வெளியில ஷூட் பண்றதுக்கு முன்னாடி லோக்கல் ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துடுங்க.